கை இறங்கும் வரை

என் கணவர் நவநீதகிருஷ்ணன் ஒரு நாட்டின் விளையாட்டு அணிக்குப் பயிற்சியாளர் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிறவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியட் வந்தால் வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கிய ஆள் அவர். திருச்செங்கோட்டில் பாதி ஆண்களைப் போல அவரும் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் ஏறினார். முதலில் ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டார், பிறகு நாடு நாடாகப் போய்ப் போட்டார். லுவானா என்கிற தீவு நாட்டுக்குப் போனதும் அதற்காகத்தான். குடிதண்ணீருக்குப் போர் போட எங்கள் ஓனர் மணியன் கப்பலில் ஒரு வண்டியை ஏற்றி அனுப்பினார். வண்டியோடு இவரும் போனார். வருஷம் திரும்பினால் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

லுவானாவை மேப்பில் தேடினால் கிடைக்காது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் நீலத்துக்கு நடுவில் ஒரு மிளகு தெரியும். அந்த நாட்டின் மொத்த ஜனத்தையும் கொண்டுவந்து எங்கள் ஊர் வைகாசித் தேரோட்டத்தில் விட்டால் ஒரு வடத்தை இழுக்கக்கூடக் காணாது. என் மாமியார் வள்ளியாத்தாள் இதைக் கேட்டதும், "ஆளே இல்லாத ஊருல என்ற பையன் ஆருக்கு அம்மிணி போரு போடறான்?" என்றார். எனக்கும் அதே கேள்வி இருந்தது.

அப்புறம்தான் அந்தப் பெயர் போனில் அடிபட ஆரம்பித்தது. லோசா இன்றைக்கு இதைச் செய்தாள், லோசா இன்றைக்கு அதைத் தூக்கினாள். வண்டியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்ணாம். துளை போட இறக்குகிற இரும்பு ராடை ஒரு பக்கம் இவள் ஒருத்தி பிடித்தால் மறுபக்கம் நம் ஆட்கள் இரண்டு பேர் வேண்டுமாம். நாலாவது நாளும் லோசா புராணம் வந்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "அந்தப் புள்ளைகிட்ட போனைக் குடுங்க," என்றேன்.

கொடுத்தார். திரையில் அகலமான முகமும் காதோரம் ஒரு பூவுமாக ஒரு பெண் சிரித்தாள். "அக்கா, சாப்டாச்சுங்களா? என்னங்க கொழம்பு இன்னைக்கு?" என்றாள். வண்டிக்காரர்களிடமிருந்தே கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் நாமக்கல் தாண்டாத தமிழ். புளிக்கொழம்பு என்றேன். "எனக்கும் புடிக்குமுங்க," என்றாள். அன்றோடு என் கடுப்பெல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு அவள் நேராக என்னைத்தான் கூப்பிடுவாள், இவர்தான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள் குண்டு எறிதல் போட்டிக்கு வந்தது ஒரு சோம்பேறித்தனத்தால். தேய்ந்துபோன துளையிடும் பிட் ஒன்றைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கச் சோம்பல்பட்டு நின்ற இடத்திலிருந்தே எறிந்தாள். அது குழியைத் தாண்டிப் போய் ஒரு வாழைமரத்தைச் சாய்த்தது. அந்த நாட்டு விளையாட்டுச் சங்கத்தார் அதைக் கேள்விப்பட்டு வந்து அவளை எறியச் சொல்லிப் பார்த்தார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை எல்லா நாடும் கூடுகிற பெரிய போட்டிக்குச் சின்ன நாடுகளுக்கென்று இடம் ஒதுக்குவது உண்டு. லுவானாவுக்கு மூன்று இடம். நீச்சலுக்கு ஒருவன், ஓட்டத்துக்கு ஒருவன், குண்டு எறிதலுக்கு லோசா. குண்டுக்குப் பயிற்சி கொடுக்க யாரும் இல்லாததால், கையில் அளக்கிற டேப் வைத்திருந்த ஒரே ஆளான என் கணவரைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள்.

வருஷம் திரும்பியது, போர் எல்லாம் போட்டு முடிந்தது, மற்ற ஆட்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். இவர் மட்டும் வரவில்லை. "குண்டு போட்டதும் வாரேன்," என்றார். நான் போனிலேயே சண்டை போட்டேன். அப்போது லோசா போனை வாங்கிச் சொன்னாள்:

"அக்கா, பதக்கமெல்லாம் வேண்டாங்க. அது எங்களுக்கு வராது. எங்க நாடு மூணு தடவை போயிருக்குதுங்க. ஒரு தடவை கூட எங்க பேருக்கு நேரா ஒரு நம்பர் வரலீங்க. ஒருத்தர் பாதியில உழுந்துட்டாரு, ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தரைத் தப்புன்னு வெளிய அனுப்பிட்டாங்க. கோடுதான் போட்டிருக்கும். இந்த வாட்டி ஒரு நம்பர் வாங்கோணும். அண்ணனை உடுங்க அக்கா."

விட்டேன். வேறு என்ன செய்வது?

போட்டி ஐரோப்பாவில். அங்கே காலை, இங்கே மத்தியானம். அதற்கு முன்பே இரண்டு செய்தி வந்துவிட்டது. நீச்சல்காரன் விசிலுக்கு முன்னாலேயே தண்ணீரில் குதித்துவிட்டதால் வெளியே. ஓட்டக்காரன் தொடை பிடித்துக்கொண்டதால் வழியிலேயே உட்கார்ந்துவிட்டான். மிச்சம் இருந்தது லோசா மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மணியன் தன் வீட்டுப் பெரிய டிவியைக் கழற்றி எடுத்துவந்து ரிக் வண்டிகள் நிறுத்துகிற செட்டில் வைத்தார். வெளிச்சம் அடிக்காமல் தார்ப்பாய் கட்டினோம். வண்டி ஆட்கள் எல்லோரும் வந்து டயர்கள் மேலும் ராடு அடுக்கின் மேலும் உட்கார்ந்தார்கள். மாமியாருக்கு மட்டும் நாற்காலி. அவருக்குப் பக்கத்தில் சேவியர்ராஜ் அண்ணன், சேலத்துக்காரர், என் கணவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பழைய டிரில்லர். சர்ச்சில் முதல் பூசையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு இடது காலில் பெருவிரல் கிடையாது. ரிக் வண்டி ஓடும்போது கம்ப்ரசர் சத்தத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைதான். மேலே நிற்கிற ஆப்பரேட்டர் உள்ளங்கையை விரித்துக் கையைத் தூக்கினால் கீழே இருக்கிற ஆள் சிலையாக நின்றுவிட வேண்டும். கை இறங்குகிற வரை காலை எடுக்கக் கூடாது. அண்ணன் ஒரே ஒரு தடவை எடுத்தார், அந்த ராடு இறங்கிய இடத்தில் விரல் இருந்தது. அதிலிருந்து எங்கள் வண்டியில் வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் பாடம் அந்தக் கைதான். என் வீட்டுக்காரர் வீட்டிலும் அப்படியே. சாம்பார் போதும் என்றால் உள்ளங்கை, நான் பேசியது போதும் என்றாலும் உள்ளங்கை. சாம்பாரை நிறுத்துவேன், பேச்சை நிறுத்தியதில்லை.

நான் வீடியோ இல்லாமல் அவரைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டேன். மைதானத்துச் சத்தம் போனில் முன்னால் வந்தது, டிவியில் படம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. போட்டியில் ஒவ்வொருவருக்கும் மூன்று எறி. ஒரு வட்டம், வட்டத்தின் முன்பக்கம் வெள்ளைக் கட்டை. எறிந்த பிறகு அந்தக் கட்டையை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. குண்டு விழுகிற வரை வட்டத்துக்குள் நின்று, பின்பக்கமாக வெளியே வர வேண்டும். வந்தால் வெள்ளைக் கொடி, அளப்பார்கள். தப்பினால் சிவப்புக் கொடி, அந்த எறி கணக்கில் இல்லை.

லோசா வந்தாள். நீல பனியனில் லுவானா என்று எழுதியிருந்தது. "நம்ம புள்ளை," என்று மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்தோடு குண்டை அணைத்துக் குனிந்தாள், ஒரே விசிறு. குண்டு போய் விழுந்த தூரத்தைப் பார்த்து டயர் மேல் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். அதே சமயம் அவள் ஒரு எட்டு முன்னால் வைத்துக் கட்டையைத் தாண்டிவிட்டாள். சிவப்புக் கொடி.

"ஐயோ," என்று போனில் அவர் குரல். நான் கேட்டேன், "ஏனுங்க, அந்தக் கட்டையைப் பத்திச் சொல்லித் தரலையா?"

"சொல்லாம இருப்பனா? ஆனா அங்க சுண்ணாம்புல வட்டம் போட்டுத்தான் எறிஞ்சோம். கட்டையைப் போன மாசம்தான் வெச்சேன். அதுக்கு முன்னால நான் தூரத்தைத்தான் பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரிக் வண்டிக்காரர்களிடம் இதுதான் கேடு. எத்தனை அடி, எத்தனை அடி, அதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்க்கத் தெரியாது. அந்தப் பெண் எறிந்தபோதெல்லாம் இந்த மனுஷன் டேப்பைத் தூக்கிக்கொண்டு குண்டுக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். அவள் கால் எங்கே போகிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

"லோசா தடுப்புக் கம்பியோரம் வந்திருக்கா. சொல்லிட்டு வாரேன்," என்று ஓடினார். முன்னால் போகாதே, நில்லு, நில்லு என்று அவர் படித்துப் படித்துச் சொல்வது எனக்கே கேட்டது. "செரிங்கண்ணா," என்று லோசா சொன்னதும் கேட்டது.

இரண்டாவது எறி. இன்னும் நன்றாகப் போனது. குண்டு கையை விட்டதும் மறுபடியும் அதே வலது கால், அதே ஒரு எட்டு, கட்டைக்கு அந்தப் பக்கம். சிவப்புக் கொடி. லோசா குனிந்து தன் காலையே பார்த்தாள், அது வேறு யாருடைய காலோ என்பது போல. பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

இன்னும் ஒரு எறிதான். அதுவும் போனால் லுவானாவுக்கு நேராக மறுபடியும் கோடு. அந்தப் பெண் எந்த முகத்தோடு அந்தத் தீவில் போய் இறங்குவாள்?

சேவியர்ராஜ் அண்ணன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த எறியைத் திரும்பவும் மெதுவாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "தங்கச்சி, அவ கையைப் பாரு," என்றார். "காலை விடு. அந்த வலது கை என்ன பண்ணுது?"

பார்த்தேன். குண்டை விட்ட கை கீழே இறங்கி, முன்னால் எதையோ பிடிப்பது போல மடங்கியது. டயர் மேல் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அவர்கள் தினமும் செய்கிற காரியம் அது. ராடு கையை விட்டு இறங்கியதும் ஒரு எட்டு முன்னால் வைத்து ஸ்பேனரைப் போட்டுப் பூட்ட வேண்டும்.

"ராடு பூட்டப் போறா," என்றார் அண்ணன். "வருஷம் பூரா பண்ண வேலை. பாரத்தை விட்டதும் கால் தானா போகுது. வாயில சொன்னா காதுக்குத்தான் போகும், காலுக்குப் போகாது. நவநீதனைக் கையைக் காட்டச் சொல்லு."

நான் போனில் கத்தினேன். "ஏனுங்க, கையைக் காட்டுங்க. வண்டியில காட்டற மாதிரி. அவ கண்ணுக்கு நேரா நின்னு கையைத் தூக்குங்க."

பிறகு, "அடச் சே," என்றார். புரிந்துவிட்டது. "நான் இருக்கறது பக்கவாட்டுல. குண்டு உழுகற பக்கத்துக்குப் போகோணும்."

"ஓடுங்க."

ஓடினார். மூச்சு இரைப்பதும், சாரி சாரி என்பதும், யாரோ அந்த ஊர்ப் பாஷையில் திட்டுவதும் கேட்டது. டிவியில் வேறொரு நாட்டுப் பெண் எறிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. அதற்கடுத்தது லோசா. "எங்கீங்க இருக்கறீங்க?" என்றால், "படிக்கட்டுல," என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் இன்னொரு படிக்கட்டில் இருந்தார். அந்த மைதானத்தை எவன் கட்டினானோ அவன் நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டினேன்.

லோசா வட்டத்துக்குள் வந்தாள். குண்டைக் கழுத்தில் வைத்தாள். அப்புறம் எறியும் திசையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதைச் செட்டில் இருந்த எல்லோரும் பார்த்தோம். கொஞ்ச நேரம் முன்னால் அழுத முகம் அது. இப்போது வேலைக்கு வந்தவளின் முகமாகிவிட்டது.

"கையைப் பாத்துட்டா," என்றார் அண்ணன்.

குனிந்தாள். விசிறினாள். போனில் கூட்டத்தின் இரைச்சல் முன்னால் வந்தது, பிறகு படத்தில் குண்டு பறந்து போய் விழுந்தது. வலது கால் துடித்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அங்கேயே நின்றது. கட்டைக்கு இந்தப் பக்கம். லோசா சிலையாக நின்றாள்.

செட்டே கூத்தாடியது. மாமியார் என் கையைப் பிடித்து நசுக்கினார். மணியன் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு, அது யார் என்று பார்த்துவிட்டு மறுபடியும் கட்டிப்பிடித்தார்.

லோசா நின்றுகொண்டே இருந்தாள்.

கொடிக்காரர் இரண்டு கொடியையும் கீழே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பின்பக்கமாக வெளியே வந்தால்தான் வெள்ளைக் கொடி. அவள் அசையவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கொடிக்காரர் கையால் இப்படி வா என்று காட்டினார். அவள் அவரைப் பார்த்தால்தானே. "ஏன் கண்ணு வரமாட்டேங்கறா?" என்றார் மாமியார்.

எனக்கு உறைத்துவிட்டது. "ஏனுங்க, கையை எறக்குங்க. கையை எறக்குங்க," என்று தொண்டை கிழியக் கத்தினேன். போனில் பதில் இல்லை, கூட்டத்தின் சத்தம்தான். இந்த மனுஷன் குண்டு போன தூரத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கிய கை தூக்கியபடியே இருக்கிறது. நான் கத்துகிற போனும் அந்தக் கையிலேயே, பெருவிரலில் இடுக்கியபடி, இருக்க வேண்டும்.

நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். அவர் தலைக்கு மேலே கையளவு போனுக்குள் திருச்செங்கோடே கத்தினாலும் என்ன பிரயோஜனம்? கொடிக்காரர் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் சிவப்புக் கொடியைத் தொட்டுவிடுவாரோ என்று எனக்கு உயிர் போயிற்று.

போனைக் கட் செய்தேன். உடனே திரும்பவும் போட்டேன். அது அவர் கையில் அதிரும் அல்லவா, அதிர்ந்தால் எடுத்துப் பார்ப்பார் அல்லவா? என் போன் வந்தால் மட்டும் எடுக்காமல் இருக்க அவருக்குத் தைரியம் கிடையாது.

ரிங் போனது. இன்னொரு ரிங்.

"ஏன் கட் பண்ணே? என்ன ஆச்சு?" என்றார்.

அவர் பேசுகிறார் என்றால் போன் காதில் இருக்கிறது. காதில் இருந்தால் கை இறங்கிவிட்டது. டிவியில் லோசா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். போனில் ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது, என்ன என்று தெரியாமல் எல்லோரும் திரையையே பார்த்தோம். அப்போதுதான் படத்தில் அவள் தோள் தளர்ந்தது. ஒரு காலைப் பின்னால் வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். திரும்பி, வட்டத்தின் பின்பக்கமாக நடந்து வெளியே வந்தாள்.

வெள்ளைக் கொடி.

பதின்மூன்று மீட்டர் எழுபத்து நான்கு சென்டிமீட்டர். டயர் மேல் இருந்தவர்கள் ஒரே வாயாக, "நாப்பத்தஞ்சு அடி," என்றார்கள். இறுதிச் சுற்றுக்கு அது போதாது. பட்டியலில் கடைசியிலிருந்து மூன்றாவது. லுவானா என்ற பெயருக்கு நேராக அந்த எண் வந்து நின்றது, கோடு இல்லை. நான் அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமே இல்லை, மணியனும்தான் அழுதார்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. போரில் தண்ணீர் கண்டால் லாரி ஹாரனை விடாமல் அழுத்துவார்கள். சேவியர்ராஜ் அண்ணன் அந்த விரலில்லாத காலை இழுத்துக்கொண்டு வெளியே போய், நின்றிருந்த வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினார். ரோட்டில் போன மொபெட் ஒன்று நின்றது. அந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, எங்க தண்ணி வந்துது?" என்று கேட்டார்.

"தண்ணி இல்லீங்க சாமி," என்றார் என் மாமியார். "என்ற பையன் குண்டு போட வெச்ச புள்ளை. இப்படி வந்து உக்காந்து பாருங்க, திருப்பிக் காட்டறாங்க." அவரும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ கால் வந்தது. திரை முழுக்க லோசாவின் முகம், வியர்வையும் கண்ணீருமாக. பின்னால் என் கணவர் சட்டைப் பொத்தான் பிய்ந்து, குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா," என்றாள். "நம்பர் வந்துருச்சுங்க அக்கா. எங்க ஊட்டுல எல்லாரும் பாத்துட்டாங்களாமா. எங்கம்மா..."

அவளுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு. அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் பொறு என்று சொல்ல முடியாமல், என்னை அறியாமல் உள்ளங்கையை விரித்துக் கையைத் தூக்கிவிட்டேன்.

லோசா பாதிப் பேச்சில் நின்றாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்து, மூச்சை இழுத்து விட்டு, கையை இறக்குகிற வரை அந்தப் பெண் அசையவே இல்லை.